ஸ்ட்ராஸ்பூர்க் சந்தையில் எங்கள் தீவின் வனிலா

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரியூனியன் தீவில் டிசம்பர் என்பது கோடையின் தொடக்கம். காரைக்காலில் நான் மே மாதத்தில் பார்த்து வளர்ந்த குல்மொஹர் இங்கே டிசம்பரில் சாலையோரமெங்கும் சிவந்து நிற்கும். லிச்சி பழுத்து, கொத்துக் கொத்தாகக் கட்டப்பட்டு, தெருவோர வண்டிகளில் குவிந்திருக்கும். ஆனால் அந்த வண்டிக்குப் பின்னால் இருக்கும் கடையின் கண்ணாடியில் பஞ்சால் செய்த பனியும், பிளாஸ்டிக் ஃபிர் மரமும், கம்பளி அங்கி அணிந்த கிறிஸ்துமஸ் தாத்தாவும் இருப்பார்கள். இவை இரண்டையும் ஒருசேரப் பார்த்து வளரும் பிள்ளைகளின் மனத்தில், உண்மையான கிறிஸ்துமஸ் வடக்கே எங்கோ குளிரில் நடக்கிறது என்றும், நாம் வியர்வையோடு கொண்டாடுவது அதன் நகல் என்றும் ஓர் எண்ணம் மெல்லப் படிந்துவிடுகிறது. என் மகளும் மகனும் அப்படித்தான் நம்பினார்கள். எங்கள் ஊரான சேன்-ஆந்த்ரேயில் பல தமிழ்க் குடும்பங்கள் கோவிலுக்கும் போகும், தேவாலயத்துக்கும் போகும். தீபாவளியும் கிறிஸ்துமஸும் ஒரே வீட்டில் நடக்கும். தீபாவளியைப் பற்றி என் பிள்ளைகளுக்கு எந்தத் தாழ்வு எண்ணமும் இருந்ததில்லை. கிறிஸ்துமஸைப் பற்றி இருந்தது. அந்த எண்ணம் கிழக்கு பிரான்சின் அல்சாஸ் பகுதியில் நாங்கள் கழித்த விடுமுறையில் எப்படி மாறியது என்பதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

என் கொழுந்தனார் வேலை நிமித்தம் அங்குள்ள ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் குடியிருக்கிறார். பள்ளிகளின் நீண்ட விடுமுறை எங்கள் தீவில் டிசம்பரில்தான் தொடங்குகிறது என்பதால், நான், என் கணவர், பிள்ளைகள் இருவர், என் மாமியார் என ஐவரும் அவரிடம் போவதென்று முடிவாயிற்று. மாமியார் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். டிசம்பர் 20 கழிந்த பிறகே விமானம் ஏற வேண்டும் என்றார். 1848ஆம் ஆண்டு அந்த நாளில்தான் ஆணையர் சர்தா கரிகா இத்தீவில் அடிமை முறை ஒழிந்ததை அறிவித்தார். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் விடுதலை பெற்றார்கள். அதன் பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழகத்திலிருந்து பெருந்திரளாகக் கொண்டுவரப்பட்டவர்களில் மாமியாரின் முன்னோரும் இருந்தார்கள். தம் குடும்பத்தின் கதை அந்த நாளிலிருந்து தொடங்குவதாக அவர் கருதுகிறார். ஆகவே அவர் சொன்னபடியே 20ஆம் தேதியின் மேளங்களைக் கேட்டுவிட்டுத்தான் புறப்பட்டோம். பெட்டியில் கொழுந்தனாருக்காக விக்டோரியா அன்னாசிகள் சிலவும், ஒரு கண்ணாடிக் குழாயில் வனிலாக் காய்களும் இருந்தன.

பாரிஸுக்கு ஏறத்தாழ பதினொரு மணி நேரப் பறப்பு. பின் அதிவேக ரயிலில் ஸ்ட்ராஸ்பூர்க். குளிர்காலத்தில் எங்கள் கடிகாரம் பிரான்சின் கடிகாரத்தைவிட மூன்று மணி நேரம் முந்தியது. அதனால் பிள்ளைகள் விடியற்காலை நான்கு மணிக்கே கண் விழித்து, சன்னலருகே உட்கார்ந்து வெளிச்சத்துக்காகக் காத்திருந்தார்கள். வெளிச்சம் எட்டு மணிக்கு மேல்தான் வந்தது. மாலை நாலரை மணிக்கெல்லாம் போய்விட்டது. டிசம்பரில் மாலை ஏழு மணிக்கு நெருங்கும் வரை பகலைப் பார்த்தே பழகிய என் மகன், இங்குள்ளவர்களுக்குச் சூரியன் ஏன் இவ்வளவு குறைவாகக் கிடைக்கிறது என்று கேட்டான். அன்று மாலை வீதியெங்கும் தொங்கிய விளக்குகளைப் பார்த்தபோது அவனுக்கு விடை தானாகவே கிடைத்தது. இருட்டு இவ்வளவு நீளமாக இருக்கும் ஊரில் விளக்கு என்பது வாழ்வதற்கே வேண்டியிருக்கிறது. எங்கள் தீவின் கடைத்தெருவில் அதே விளக்குகள் மாலை வெயிலில் வெளிறிப்போய்த் தெரிவதற்குக் காரணம், அவை வேறொரு வானத்துக்காகச் செய்யப்பட்டவை என்பதுதான்.

ஸ்ட்ராஸ்பூர்கின் கிறிஸ்துமஸ் சந்தை 1570ஆம் ஆண்டிலிருந்து நடந்து வருகிறது. அதற்கு முன்பு அங்கே புனித நிக்கோலாஸ் பெயரில் ஒரு சந்தை இருந்தது. நகரம் புராட்டஸ்டண்டு சமயத்தைத் தழுவிய பின், புனிதர் வழிபாட்டை ஏற்காத மறைபோதகர்களின் வற்புறுத்தலால் அதை நிறுத்திவிட்டு, குழந்தை இயேசுவின் பெயரில் புதிய சந்தையைத் தொடங்கினார்கள். இன்று பிரோக்லி சதுக்கம், பேராலயத்தைச் சுற்றியுள்ள திடல், கிளேபர் சதுக்கம் என ஆறு சூழ்ந்த நகரின் பழைய தீவுப் பகுதி முழுவதும் ஏறத்தாழ 300 மரக் கடைகள் பரவியிருக்கின்றன. கிளேபர் சதுக்கத்தில் ஏறக்குறைய 30 மீட்டர் உயரமுள்ள ஃபிர் மரம் நிற்கிறது. 2018ஆம் ஆண்டு டிசம்பர் 11 அன்று சந்தைப் பகுதியில் நடந்த தாக்குதலில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். நாங்கள் சென்றபோது பாலங்களில் காவலர்கள் பைகளைச் சோதித்துத்தான் உள்ளே விட்டார்கள்; யாரும் முகம் சுளிக்காமல் வரிசையில் நின்றார்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் வார நாளில், இருட்டுவதற்கு முன்பே உள்ளே போய்விடுவது நல்லது. இருட்டிய பிறகு பேராலயத்தின் முன்னால் கூட்டம் நம்மைத் தன் போக்கில்தான் நகர்த்திச் செல்லும். சிறுவர்களுக்கு அடுத்தவரின் மேலங்கி தவிர வேறெதுவும் தெரியாது.

கிறிஸ்துமஸ் மரம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் இந்தப் பகுதியிலேயே பழைய சான்று இருக்கிறது. ஸ்ட்ராஸ்பூர்குக்குத் தெற்கே உள்ள செலெஸ்டா நகரத்தின் 1521ஆம் ஆண்டுக் கணக்குப் புத்தகத்தில், கிறிஸ்துமஸ் காலத்தில் காட்டு மரங்களை யாரும் வெட்டிவிடாமல் காவல் காத்ததற்காக வனக்காவலர்களுக்குக் கூலி கொடுத்த குறிப்பு உள்ளது. மரத்தில் முதலில் தொங்கவிடப்பட்டவை ஆப்பிள்கள். 1858இல் வறட்சியால் ஆப்பிள் விளையாமல் போகவே, வடக்கு வோஜ் மலைப்பகுதியின் ஊதுகண்ணாடித் தொழிலாளி ஒருவர் ஆப்பிளுக்குப் பதிலாகக் கண்ணாடி உருண்டைகளை ஊதித் தந்தார் என்று அந்தப் பகுதியில் சொல்கிறார்கள். மைசந்தால் என்னும் ஊரில் இன்றும் அந்த உருண்டைகளை வாயால் ஊதியே செய்கிறார்கள். சந்தையில் அவற்றில் ஒன்றை வாங்கிக் கொடுத்தபோது என் மகள், “அப்படியானால் இவர்களும் தங்கள் தோட்டத்தில் இருந்ததைத்தானே மரத்தில் கட்டியிருக்கிறார்கள்” என்றாள். பக்கத்து மலையில் வளரும் மரம், பக்கத்துத் தோப்பின் பழம், கூதிருக்காக வீட்டில் சேர்த்துவைத்த தேன், மாவு, கொட்டைகள் ஆகியவற்றிலிருந்து எழுந்த பண்டிகை அது. கடைக் கண்ணாடியின் பஞ்சுப் பனியைப் பார்த்து ஏங்கிய பிள்ளைக்கு இது புதிய செய்தி.

பிறகு பிரெடலேக் கடைக்கு வந்தோம். பிரெடலே என்பது அல்சாஸ் வீடுகளில் டிசம்பர் முழுவதும் சுட்டு, தகர டப்பாக்களில் அடுக்கிவைக்கும் சிறு பிஸ்கட்டுகள். சோம்பு போட்டவை, பட்டைத்தூள் போட்டவை, ஜாம் வைத்தவை, பாதாம் மாவில் பிறை வடிவாகச் செய்து வனிலாச் சர்க்கரையில் புரட்டியவை என அவற்றில் பல வகைகள். என் மாமியார் ஒரு பிறையை எடுத்து முகர்ந்தார். கடிக்கவில்லை, மீண்டும் முகர்ந்தார். பிறகு அதை விளக்கொளியில் பிடித்து, மேலே ஒட்டியிருந்த மிக நுண்ணிய கருப்புப் புள்ளிகளை என் மகளுக்குக் காட்டினார். “இது புட்டியில் வரும் வாசனை இல்லை. காயைக் கீறிப் போட்டிருக்கிறார்கள்” என்று எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் சொன்னார். கடைக்காரப் பெண்மணியிடம் பிரெஞ்சில் கேட்டார். காயைக் கீறிச் சர்க்கரை டப்பாவில் பல வாரங்கள் புதைத்து வைப்பதாகவும், போர்போன் வனிலா தவிர வேறு வாங்குவதில்லை என்றும் அவர் பெருமையோடு விடை சொன்னார்.

போர்போன் என்பது எங்கள் தீவின் பழைய பெயர். இன்று அந்தப் பெயரில் விற்கப்படும் வனிலாவில் பெரும்பகுதி மடகாஸ்கரில் விளைகிறது. எங்கள் தீவின் விளைச்சல் சிறிது. ஆனால் அந்தத் தொழில் முழுவதற்கும் வழி திறந்தது எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். மெக்சிகோவிலிருந்து வந்த வனிலாக் கொடி 1819 முதலே ரியூனியனில் இருந்தது, பூத்தது, காய்க்கவில்லை. அந்தப் பூவுக்கு மகரந்தம் சேர்க்கும் தேனீ இங்கே இல்லை. 1841இல் சேந்த்-சுசான் ஊரில், அடிமையாகப் பிறந்த எட்மோன் என்னும் 12 வயதுச் சிறுவன், ஒரு மெல்லிய குச்சியால் பூவின் உள்ளே ஆண் உறுப்பையும் பெண் உறுப்பையும் பிரிக்கும் இதழைத் தூக்கி, கட்டைவிரலால் இரண்டையும் அழுத்திச் சேர்த்தான். காய் பிடித்தது. உலகெங்கும் வனிலாத் தோட்டங்களில் இன்றும் அதே முறைதான். 1848இல் விடுதலை கிடைத்தபோது அவனுக்கு அல்பியூஸ் என்ற குடும்பப் பெயர் இடப்பட்டது. அவனுடைய கண்டுபிடிப்பால் தோட்ட முதலாளிகள் செல்வம் சேர்த்தார்கள். அல்பியூஸோ 1880இல் வறுமையில் இறந்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது.

என் மாமியார் இளவயதில் ப்ரா-பனோன் பக்கத்துத் தோட்டங்களில் இந்த வேலையைச் செய்தவர். வனிலாப் பூ விடியலில் மலர்ந்து நண்பகலுக்குள் வாடிவிடும் என்பதால் இருட்டோடு எழுந்து போக வேண்டும். ஒவ்வொரு பூவாகத் தொட வேண்டும். கை நடுங்கினால் பூ கெட்டுவிடும். காய் முற்ற ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் ஆகும். பிறகு வெந்நீரில் முக்கி, கம்பளியில் பொதிந்து வியர்க்க வைத்து, வெயிலிலும் நிழலிலும் உலர்த்தி, பெட்டிகளில் மாதக்கணக்கில் மூடி வைத்தால்தான் அந்த மணம் பிறக்கும். இதையெல்லாம் அந்தக் கடையின் முன்னால் நின்று, கையுறையைக் கழற்றிவிட்டு, கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்துக் காட்டி விளக்கினார் மாமியார். கடைக்காரப் பெண்மணி தம் உதவியாளரையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். பின்னால் நின்றவர்கள் வரிசையை மறந்து நெருங்கி வந்தார்கள். என் மகள் தன் மெமேயை, அதாவது பாட்டியை, அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. வீட்டில் அவர் அந்தத் தோட்ட நாட்களைப் பற்றிப் பேசுவதே இல்லை. அது கூலி வேலை, சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று விட்டுவிடுவார். நான்கரை நூற்றாண்டுப் பழமை உடைய சந்தையில், அவருடைய விரல்களின் அறிவை அந்நியர்கள் மரியாதையோடு கேட்டார்கள். இந்தப் பயணத்தில் வேறெதுவும் நடக்காமல் இருந்திருந்தாலும் எனக்கு இதுவே போதும்.

அதன் பிறகு பிள்ளைகள் ஒவ்வொரு கடையிலும் மோப்பம் பிடிக்கத் தொடங்கினார்கள். சிறுவர்களுக்கு விற்கும் சூடான ஆப்பிள் சாற்றில் அன்னாசிப்பூவும் பட்டையும் மிதந்தன. பெரியவர்கள் குடிக்கும் சூடான ஒயினில் கிராம்பு. தேன் ரொட்டியில் இஞ்சி, ஜாதிக்காய், ஏலக்காய். கிராம்பின் கதையும் எங்கள் கடலைச் சேர்ந்தது. டச்சுக்காரர்கள் இன்றைய இந்தோனேசியாவின் மொலுக்கஸ் தீவுகளில் கிராம்பையும் ஜாதிக்காயையும் தங்கள் தனியுரிமையாகப் பூட்டி வைத்திருந்த காலத்தில், மொரீஷியஸிலும் ரியூனியனிலும் பிரெஞ்சு நிர்வாகியாக இருந்த பியேர் புவாவ்ர் ஆட்களை அனுப்பி, 1770இல் அவற்றின் நாற்றுகளை மொரீஷியஸுக்குக் கடத்திவரச் செய்தார். அங்கிருந்து எங்கள் தீவுக்கு வந்த கிராம்பை சேன்-பெனுவாவில் ஜோசப் ஹூபர் என்பவர் வளர்த்தெடுத்தார். பனி விழும் நாட்டின் கிறிஸ்துமஸ் மணம் என்று நாம் நினைப்பது, வெயில் நாடுகள் விளைவித்து அனுப்பிய மணம். என் மகன் இதைக் கேட்டுவிட்டு, “அவர்களுக்கு நாம் வேண்டியிருந்திருக்கிறது” என்றான். அவன் அதைச் சொன்ன குரலில் இருந்த நிமிர்வை நான் மறக்க மாட்டேன்.

கேளிக்கைப் பூங்கா பிள்ளைகளுக்கு நாங்கள் தந்திருந்த வாக்கு. ஐரோப்பா-பார்க், ஜெர்மனியின் ரூஸ்ட் என்னும் சிற்றூரில், ஸ்ட்ராஸ்பூர்கிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போகும் தொலைவில் உள்ளது. கொழுந்தனார் எங்களை ரீனோ ஊரின் படகுத்துறை வழியாக அழைத்துச் சென்றார். அங்கே காரோடு ஏறி ரைன் ஆற்றைக் கடக்கலாம், கட்டணம் இல்லை. நாட்டின் எல்லை என்றால் கடல் என்றே அறிந்த தீவுப் பிள்ளைகளுக்கு, சில நிமிடங்களில் ஓர் ஆற்றைத் தாண்டி வேறொரு நாட்டில் இறங்குவது பூங்காவுக்கு ஈடான வியப்பாக இருந்தது.

1975இல் திறக்கப்பட்ட இந்தப் பூங்கா, ஐரோப்பாவில் டிஸ்னிலேண்ட் பாரிஸுக்கு அடுத்தபடியாக அதிகம் பேர் வரும் இடம். இதை நடத்தும் மாக் குடும்பம் 1780 முதல் வால்ட்கிர்க் என்னும் ஊரில் வண்டிகள் செய்து வந்தது. முதலில் குதிரை வண்டிகள், பிறகு ஊர் ஊராகச் சென்று திருவிழாக்களில் ராட்டினம் போடுபவர்களுக்கான கூண்டு வண்டிகள், அதன் பிறகு ராட்டினங்களும் ரோலர் கோஸ்டர்களும். தாங்கள் செய்யும் கருவிகளை வாங்க வருபவர்களுக்கு ஓட்டிக் காட்ட ஓர் இடம் வேண்டும் என்றுதான் 1442ஆம் ஆண்டைச் சேர்ந்த பால்த்தசார் கோட்டையின் தோட்டத்தில் பூங்காவை அமைத்தார்கள். சந்தையும் பூங்காவும் எனக்கு ஒரே குடும்பத்துப் பிள்ளைகளாகத் தோன்றியதற்கு இந்தக் கதையே காரணம். இரண்டும் பழைய ஊர்த் திருவிழாவிலிருந்து பிறந்தவை.

குளிர்காலத்தில் பூங்கா காலை 11 மணிக்குத் திறந்து மாலை 7 மணிக்கு மூடுகிறது. டிசம்பர் 24, 25 தேதிகளில் விடுமுறை. நீரில் பாயும் விளையாட்டுகள் சில ஓடுவதில்லை. உறைபனி கடுமையானால் உயரமான கோஸ்டர்களையும் நிறுத்திவிடுவார்கள். இருந்தும் முதியவரையும் சிறுவரையும் கூட்டிச் செல்பவர்களுக்குக் குளிர்காலத்தையே நான் பரிந்துரைப்பேன். மாலை நாலரைக்கு இருட்டியதும் பூங்கா முழுவதும் விளக்கேறும். அதன் பின்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. உள்ளேயே ஒரு கிறிஸ்துமஸ் சந்தை உண்டு. கூரையின் கீழ் பனிச்சறுக்கு நடனக் காட்சி உண்டு. மாமியார் அந்தக் காட்சியை இரண்டு முறை பார்த்தார். கையுறை இல்லாமல் யாரும் போகக் கூடாது. கோஸ்டர்களின் இரும்புப் பிடி விரல்களைச் சுட்டுவிடும் அளவுக்குக் குளிர்ந்திருக்கும்.

சில்வர் ஸ்டார் என்னும் கோஸ்டர் 73 மீட்டர் உயரம் ஏறி, மணிக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறது. 140 சென்டிமீட்டர் உயரம் இல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை என்பதால் மகன் கீழே நின்றான். மகளும் கணவரும் ஏறினார்கள். இறங்கி வந்த மகள், எங்கள் தீவின் சிலாவோஸ் மலைப்பாதையின் நானூறு வளைவுகளில் பேருந்தில் போவது இதைவிட அச்சம் தரும் என்று தீர்ப்புச் சொன்னாள். அந்தப் பாதையில் போனவர்கள் அவளோடு உடன்படுவார்கள். மகன் தன் ஏமாற்றத்தை ஆல்பன்எக்ஸ்பிரஸ் என்னும் சிறிய கோஸ்டரில் மீண்டும் மீண்டும் ஏறித் தீர்த்துக்கொண்டான்.

குடும்பம் முழுவதும் சேர்ந்து ஏறியது பத்தாவியா கடற்கொள்ளையர் என்னும் படகுச் சவாரி. 2018இல் தீவிபத்தில் எரிந்துபோய், 2020இல் மீண்டும் கட்டி எழுப்பப்பட்டது. பத்தாவியா என்பது இன்றைய ஜகார்த்தா. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆசியத் தலைநகரம். கிராம்பும் ஜாதிக்காயும் அங்கிருந்துதான் ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. இருட்டில் மிதந்து செல்லும் படகில், பொம்மைக் கொள்ளையர்களைப் பார்த்தபடியே என் மகன் பாட்டியிடம் கிராம்புக் கப்பல் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தான். பூங்காவின் கதையில் கொள்ளையர் மட்டுமே இருந்தார்கள். செடி வளர்த்தவர்களும் பறித்தவர்களும் இல்லை. குழந்தைகளை மகிழ்விக்கக் கட்டிய இடத்தில் வரலாற்றை முழுமையாகத் தேட முடியாதுதான். ஆயினும் பூங்காவுக்கு மட்டும் போய்விட்டுத் திரும்பும் குடும்பத்தைவிட, முதலில் சந்தையில் நின்று மணங்களைக் கேட்டு அறிந்துவிட்டுப் போகும் குடும்பத்துக்கு அந்தப் படகில் காண்பதற்கு அதிகம் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். இந்த வரிசையில் போகவே எல்லோருக்கும் சொல்கிறேன்.

ஸ்ட்ராஸ்பூர்க் சந்தை 24ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கொல்மார் நகரத்தின் சந்தைகள் கிறிஸ்துமஸுக்குப் பிறகும் சில நாள் நடக்கும் என்பதால் ரயிலில் அங்கே போய்வந்தோம். மரச்சட்டங்கள் வெளியே தெரியும் பழைய வீடுகளுக்கு நடுவே சிறு சதுக்கங்களில் பிரிந்து கிடப்பதால், அங்கே முதியவர்கள் நடப்பதும் உட்காருவதும் எளிது. மாமியார் அங்கே பிரெடலே வெட்டும் தகர அச்சுகளை வாங்கினார். கூடவே ஜாம் வைத்த பிஸ்கட்டின் செய்முறையைக் கடைக்காரரிடம் கேட்டு என் மகளை எழுதிக்கொள்ளச் சொன்னார். அதில் இரண்டு வட்டங்களை ஒட்டி, மேல் வட்டத்தில் ஒரு துளை வெட்டி, உள்ளிருக்கும் சிவப்பு ஜாம் தெரியும்படி செய்வார்கள்.

எங்கள் வீட்டு அடுக்களையின் டிசம்பர் வெப்பத்தில் அந்த மாவு நிற்காது. உருட்டும்போதே வெண்ணெய் உருகிக் கையில் ஒட்டும். அதனால் இப்போது மாமியாரும் மகளும் முந்தைய இரவே மாவைப் பிசைந்து குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, வெயில் ஏறும் முன் விடியற்காலையில் வெட்டிச் சுடுகிறார்கள். ராஸ்ப்பெரி ஜாமுக்குப் பதிலாக, இங்கே குளிர் மாதங்களில் காய்க்கும் சிவப்புச் சிறுகொய்யாவில் நாங்கள் போட்டு வைத்த ஜாம் உள்ளே போகிறது. சர்க்கரை டப்பாவில் ப்ரா-பனோன் வனிலாக் காய் கீறிக் கிடக்கிறது. பள்ளித் தோழிகளுக்குக் கொடுக்க மகள் டப்பாக்களில் அடுக்கும்போது, மேலே ஒட்டும் தாளில் பனிச்செதில் வரையவில்லை, குல்மொஹர் வரைந்தாள். லிச்சி வைத்து ஒரு வகை செய்ய முடியுமா என்று மகன் கேட்டிருக்கிறான். லிச்சியில் நீர் அதிகம், பிஸ்கட் நமத்துவிடும் என்று மாமியார் சொல்லியும் அவன் விடுவதாக இல்லை. சாற்றை வற்றக் காய்ச்சிப் பார்க்கலாம் என்று இருவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.